கடலுக்குப் போகும் காங்கேயத்தாருக்கு

ஆண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "அக்கா, குடும்பத்தோடு கோழிக்கோடு போகிறோம். சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லது?" கேட்பவர்களில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் உண்டு, களத்தில் தேங்காய் உடைக்கிறவர்களின் மருமகன்கள் உண்டு, வெள்ளகோவில் சின்ன மாமியார் உண்டு. எங்கள் எண்ணெய் ஆலைக்குக் கணக்குப் பார்க்க வருகிற ஆடிட்டர்கூட, வரவு செலவுப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் கேட்டார். கொப்பரை வாங்குவதற்காக மலபார்க் கரைக்கும் காங்கேயத்துக்கும் நடையாக நடக்கிறவள் என்பதால் வருகிற வினை இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் இனி இதை அனுப்பிவிடலாம்.

நம் ஆட்களுக்குக் கடல் என்றால் கிழக்கு. ராமேசுவரம், திருச்செந்தூர், வேளாங்கண்ணி என்று சாமி இருக்கிற கடலாகப் பார்த்துப் போவோம். முழுகி எழுந்து, கும்பிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவோம். தின்பதற்காகவே கடலுக்குப் போவது நம் பக்கத்தில் இந்தத் தலைமுறை ஆரம்பித்த பழக்கம். என் மாமியார் இன்றைக்கும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் பொன்னானி 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கோழிக்கோடு 250 கிலோமீட்டர் சுமார். நமக்குக் கிட்டத்துக் கடல் மேற்கேதான் இருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணல்காரர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணவாய் வழியாக மேலைக் கடல் துறைமுகங்களோடு வியாபாரம் செய்தவர்கள். நம் படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல்லும் அவர்கள் சரக்கில் இருந்தது. அவர்கள் அங்கே போய் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் என் வேலை மிச்சமாகியிருக்கும்.

முதல் விஷயம். கடல் தெரிகிற கடையில் மதியச் சாப்பாடு சாப்பிடாதீர்கள். நீங்கள் காசு கொடுப்பது கண்ணாடி ஜன்னலுக்கும் காற்றுக்கும். தட்டில் இருக்கிற மீனுக்கு அதில் சேர்வது கொஞ்சம்தான். அந்தக் கடைக்கு வருகிறவர் மறுபடி வரப்போவதில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். போன வருடம் என் கொழுந்தனார் குடும்பம் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தது. இறாலைக் கடித்தால் பல் திரும்பி வந்ததாம். பில் வந்தபோது கொழுந்தனார் முகம் போன போக்கை என் ஓரகத்தி நடித்துக் காட்டினாள். அதற்கு மட்டும் கொடுத்த காசு தகும்.

சந்தையில் கடை வைத்திருக்கிறவன் நிலைமை வேறு. இன்றைக்குச் சாப்பிட்டவர் நாளைக்கும் அதே பெஞ்சில் வந்து உட்காருவார். மீன் பழையது என்றால் கடைக்காரரின் சொந்தக்காரர்களை எல்லாம் வரிசையாக விசாரிப்பார். கோழிக்கோட்டில் இதற்கு வலியங்ஙாடிக்குப் போக வேண்டும். கடற்கரையிலிருந்து நடந்தே போகிற தூரம். அரிசி, மிளகு, கொப்பரை மூட்டைகள் ஏறி இறங்குகிற பழைய மொத்த வியாபாரத் தெரு. நீலச் சட்டை போட்ட சுமைத் தொழிலாளிகள் பன்னிரண்டரை மணிவாக்கில் எந்தச் சந்துக்குள் நுழைகிறார்களோ, அந்தச் சந்துக்குள் நுழையுங்கள். பெயர்ப் பலகையைத் தேடாதீர்கள். சில கடைகளுக்குப் பலகையே இருக்காது.

அங்கே ஊண் என்று கேட்டால் இலை போட்டு, செம்பழுப்பு நிறக் குத்தரிசிச் சோறு வரும். வெள்ளைச் சோறு வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீன் குழம்பு ஊற்றுவதற்குத் தனிக் காசு கிடையாது. தேங்காய் அரைத்துவிட்ட, புளிப்பு தூக்கலான குழம்பு. குழம்பில் மீன் துண்டு இல்லையே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதல் தடவை கோபித்துக்கொள்வார்கள். அது வெறும் சாறு. மீன் தனியாக வரும். பொரித்ததை ஒரு பெரிய தட்டில் அடுக்கி மேசை மேசையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள், நாம் கை காட்டுவதை இலையில் வைத்துவிட்டுப் போவார்கள். கை காட்டும் முன் விலை கேட்கலாம், அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. அயக்கூறா என்றால் நம் ஊரில் வஞ்சிரம். ஆவோலி என்றால் வாவல். அயலை என்றால் கானாங்கெளுத்தி. மத்திக்கு நம் ஊரிலும் மத்திதான். பவானிசாகர் அணை மீனை மட்டும் தின்று வளர்ந்தவர்கள் அயலையில் ஆரம்பிக்கலாம். முள் ஒழுங்காக இருக்கும், சதையில் எண்ணெய்ப் பசை இருக்கும். மத்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளெடுக்க ஒரு ஆள் வேண்டும்.

குடிக்க இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பார்கள். பயப்பட வேண்டாம், பதிமுகம் என்கிற மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சியது. என் மாமியார் அதைக் கை கழுவுகிற தண்ணீர் என்று நினைத்து இலை ஓரத்தில் ஊற்றிவிட்டார். கடைப்பையன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தான்.

பெண்களாக மட்டும் போகிறவர்கள் தயங்கத் தேவையில்லை. நான் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். கூட்டம் மொய்க்கிற நேரத்தில் சுமைக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவார்கள். கொஞ்சம் பெரிய கடைகளில் உள்ளே குடும்பத்துக்கென்று தனி அறை உண்டு. கழிப்பறைக்கு மட்டும் சந்தைக் கடைகளை நம்ப முடியாது. தங்குகிற இடத்திலோ ரயில் நிலையத்திலோ முடித்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்மா தொழுகை நேரத்தில் பல கடைகள் அடைத்திருக்கும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். ஆனால் அந்த மாதத்து ராத்திரிகளில் குற்றிச்சிறைப் பக்கம் போய்ப் பாருங்கள். வருடத்தில் மற்ற மாதங்களில் கண்ணில் படாத பலகாரங்கள் வாசலுக்கு வாசல் அடுக்கியிருக்கும்.

இனி எண்ணெய். இதைப் பற்றி என்னைக் கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு உலர்களம். வருகிற தேங்காயை உடைத்து, காயவைத்து, ஆட்டி, எண்ணெயாக்கி, அதில் பெரும்பகுதியை நாம் விற்பது கேரளத்துக்குத்தான். தினமும் காலையில் கோழிக்கோடு விலையையும் காங்கேயம் விலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காபி இறங்கும். ஆகையால் ஒரு கடைக்குள் நுழையும்போது என் மூக்குதான் முதலில் நுழைகிறது. சரியாகக் காய்ந்த கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் சூடேறும்போது இனிப்பாக ஒரு வாசனை வரும். ஈரத்தோடு ஆட்டிய கொப்பரை என்றால் காரல் வாடை அடிக்கும். பலமுறை காய்ந்த எண்ணெய் என்றால் வாசலிலேயே தொண்டை கரகரக்கும், சட்டியில் நுரை மேலே தங்கி நிற்கும். 2025-இல் தேங்காய் எண்ணெய் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, அதுவரை நான் விரும்பிப் போன சில கடைகளில் வாசனை மாறிப்போனது. பாமாயில். கேட்டால் சிரித்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த விலை ஏறியதில் எங்கள் களத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மீனை வேறு கடையில் தின்ன ஆரம்பித்தேன்.

எண்ணெய் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஒரு வழி: முதலில் ஒரு பழம்பொரி வாங்குங்கள். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. மீனில் மசாலா எண்ணெயின் குற்றத்தை மறைத்துவிடும். பழம்பொரியில் மறைக்க இடமில்லை. அது நன்றாக இருந்தால் உட்காருங்கள். இல்லாவிட்டால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

எப்போது போவது என்பதைக் கேட்காமல் எங்கே போவது என்று மட்டும் கேட்கிறார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. கடலுக்கும் விடுமுறை உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடுகிற அதே நாட்கள். அந்த மே மாதத்தில் ராமேசுவரத்துக்குப் போய், மீன் கிடைக்கவில்லை, கிடைத்ததும் ஐஸ் மீன் என்று புலம்பி என்ன பயன்? அதே மே மாதத்தில் மேற்கே கடல் திறந்திருக்கிறது. கேரளத்தில் டிராலர் என்கிற இழுவலை விசைப்படகுகளுக்குத் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 நள்ளிரவில் முடிகிறது, 52 நாட்கள். அந்த மழை நாட்களிலும் பாரம்பரிய வள்ளங்கள் கடலுக்குப் போகத் தடை இல்லை. அவர்கள் கொண்டுவருகிற மத்தியும் நெத்திலியும்தான் அப்போது சந்தையில் புது மீன். ஜூலையில் போய் ஒரு பெரிய கடையில் உட்கார்ந்து அயக்கூறா கேட்டால் அவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நன்றாகவே பொரித்துக் கொடுப்பார்கள். அதற்கு 250 கிலோமீட்டர் போக வேண்டுமா? திருப்பூரிலேயே கிடைக்கிறது.

என்னைக் கேட்டால் ஆகஸ்டு முதல் இரண்டு வாரம். தடை முடிந்து டிராலர்கள் புதியாப்பா, பேப்பூர்த் துறைமுகங்களுக்கு மீனோடு திரும்புகிற நாட்கள். கிளிமீனும் கூந்தல் என்கிற கணவாய் மீனும் இறாலும் குவிந்து, விலை இறங்கியிருக்கும். ஆடி மாதம், நம் பக்கத்தில் கல்யாணம் கிடையாது, மில்லில் வேலை கொஞ்சம் மந்தம். சுதந்திர தின விடுமுறை சனி, ஞாயிறோடு சேர்ந்து வந்தால் மட்டும் போகாதீர்கள். கோயம்புத்தூரில் பாதி அங்கேதான் இருக்கும்.

கல்லும்மக்காய் என்கிற கடல் சிப்பிக்கு ஜூன், ஜூலை ஆகாது. கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்வதை முழுகிப் பிய்த்து எடுக்க வேண்டும்; கடல் கொந்தளிக்கும்போது அது நடக்கிற காரியம் இல்லை. சிப்பிக்குள் அரிசிமாவும் தேங்காயும் அடைத்து, வேகவைத்து, பிறகு மிளகாய் மசாலாவில் புரட்டிப் பொரிப்பார்கள். மாலை நாலு மணிக்கு மேல் டீக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் செக்கச்செவேல் என்று அடுக்கியிருக்கும். பிள்ளைகளிடம் என்ன என்று சொல்லாமல் கொடுங்கள். எங்கள் வீட்டில் பெரியவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஓட்டைப் பார்த்தான், அதற்குள் இரண்டாவது தட்டு கேட்டிருந்தான்.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு: கண்ணூர் ரோட்டில் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிற பாராகன், 1939-இல் ஆரம்பித்தது. 2023-இல் டேஸ்ட் அட்லஸ் என்கிற உணவு இணையதளம் தன் உலகப் பட்டியலில் 11ஆம் இடம் கொடுத்த பிறகு கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கே போய் நின்றுவிடுங்கள். கான்வென்ட் கிராஸ் ரோட்டில் ஸெயின்ஸ், மாப்பிளா என்கிற மலபார் முஸ்லிம்கள் வீட்டுப் பலகாரங்களுக்கு. உன்னக்காய், சட்டிப் பத்திரி, முட்டைமாலை மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ரஹ்மத் ஓட்டல் பெயரைச் சொன்னால் அங்கே எல்லோரும் மாட்டிறைச்சி பிரியாணியைத்தான் சொல்வார்கள். நான் காங்கேயம் காளை ஊரிலிருந்து போகிறவள், அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஆட்டுக்கறி பிரியாணியும் அங்கே உண்டு.

பிரியாணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊர் சீரகச் சம்பா பிரியாணியில் மசாலாவும் அரிசியும் கலந்தே வேகும், ஒவ்வொரு பருக்கையிலும் காரம் ஏறியிருக்கும். மலபாரில் கைமா அரிசியைத் தனியாக வேகவைத்து, அடியில் கறி மசாலா, மேலே அரிசி என்று அடுக்கித் தம் போடுகிறார்கள். மேலாக அள்ளிச் சாப்பிட்டால் நெய்ச்சோறு மாதிரி வெள்ளையாக, வாசனையாக, காரமே இல்லாமல் இருக்கும். நம் ஆட்கள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். கரண்டியை அடி வரைக்கும் விட்டுப் புரட்டுங்கள். கூட வருகிற பேரீச்சம்பழ ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளுங்கள். பள்ளிபாளையம் கோழியின் மிளகாய்க்குப் பழகிய நாக்குக்கு அப்போதும் போதாது. சாதமும் கறியும் தனித்தனியாக ருசிக்கிற பிரியாணி எனக்குப் பிடித்திருக்கிறது; எங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் பிடிக்கவில்லை.

கடல் தெரிகிற கடை வேண்டாம் என்றுதான் சொன்னேன், கடற்கரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் மேற்குக் கடலில் சூரியன் இறங்குகிற நேரத்துக்குப் போங்கள், தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். உப்பிலிட்டது என்று பெரிய கண்ணாடி ஜாடிகளில் மாங்காய், நெல்லிக்காய், அன்னாசி, காரட் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். அன்னாசிதான் அதில் ராஜா. பக்கத்திலேயே ஐஸைச் சீவிக் கண்ணாடி டம்ளரில் போட்டு நிறம் நிறமாகச் சாறு ஊற்றித் தருகிறார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். நான் அதை விட்டுவிட்டு ஒரு சுலைமானி குடித்துக்கொள்வேன், எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயா.

சைவக்காரர்களுக்கு: சனிக்கிழமை, அமாவாசை பார்க்கிற பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் தளி கோயில் பக்கம் போங்கள், சைவக் கடைகள் உண்டு. புட்டும் கடலைக் குழம்பும் ஊர் முழுக்கக் கிடைக்கும். அந்த ஊர் இட்லி சாம்பாரைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது.

இட்லி வேண்டும் என்றால் வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு முன்னால் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி. தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சுடுகிற இட்லி. மண் பானை வாயில் கயிற்று வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றி, விறகடுப்பில் ஆவி காட்டுகிறார்கள். தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் இருக்கும். பொடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித்தான் தருவார்கள். நல்லெண்ணெய் கேட்டு வம்பு செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்குக் காங்கேயத்தில் கிளம்பினால் அங்கே பலகாரம், மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை வழியாக மதியத்துக்கு வலியங்ஙாடி. ரயிலில் போகிறவர்கள் ஈரோட்டில் ராத்திரி மங்களூர் மெயில் ஏறினால் காலையில் இறங்கலாம், ராமசேரி மட்டும் போய்விடும்.

இன்னும் வடக்கே போக நேரம் இருந்தால் தலைச்சேரி வரைக்கும் போங்கள். அது பிரியாணிக்கும் கேக்குக்கும் பெயர் போன ஊர். 1883 கிறிஸ்துமஸுக்கு ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரர் கேட்டதற்காக மாம்பள்ளி பாப்பு சுட்டுக் கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் கேக் என்று அங்கே சொல்வார்கள். வழியில் வடகரை, எனக்கு அங்கே உண்டைக் கொப்பரை வேலை, உங்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்தது புதுச்சேரியைச் சேர்ந்த மாஹி. நம் ஊர்ப் பையன்கள் மாஹிக்கு எதற்காக வண்டியைத் திருப்புகிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்காரிகளுக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு இல்லை.

திரும்பும்போது ஹல்வா. மிட்டாய்த் தெருவில் வண்டிகள் வராது, நிதானமாக நடக்கலாம். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும். கறுப்பாக இருப்பதை வாங்குங்கள், அது வெல்லம் போட்டது. எந்தக் கடையிலும் ஒரு துண்டு வெட்டித் தின்னக் கொடுப்பார்கள். தின்று பார்க்காமல் கிலோக் கணக்கில் கட்டச் சொல்லாதீர்கள். நேந்திரம் சிப்ஸை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஐஸ்பெட்டியோடு கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை, அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். பெட்டி கசிந்தால் காருக்குள் அந்த வாடை தீபாவளி வரைக்கும் இருக்கும்.

கொச்சி, ஆலப்புழைப் பக்கம் போகிறவர்கள் என் தம்பியைக் கேளுங்கள். அங்கே எண்ணெய் விற்கப் போவது அவன். போனை உடனே எடுக்க மாட்டான், விடாமல் அடியுங்கள்.